இரண்டு தாய் எலிகள், ஒரே கூண்டு: ஈற்றுக்கு முன் பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளை எலிகள் ஓர் ஆணும் நான்கு பெண்களுமாக எங்கள் வீட்டில் ஒரே கூண்டில் இருக்கின்றன. பெண்கள் நான்கும் ஒரே ஈற்றில் பிறந்தவை. இதுவரை ஒன்றையொன்று கடித்ததே இல்லை. நவம்பர் 3-ஆம் தேதி ஒன்று பத்துக் குட்டிகளை ஈன்றது. 14-ஆம் தேதி இன்னொன்று ஒன்பது ஈன்றது. இரண்டாவதன் குட்டிகளில் ஐந்து நான்கே நாளில் காணாமல் போய்விட்டன. மூத்த எலிதான் பொறாமையில் தின்றுவிட்டது என்கிறார் என் மாமியார். அப்படியும் இருக்குமா? இனிமேல் ஈனப்போகும் எலியைத் தனியே வைக்க வேண்டுமா? வைத்தால் ஏங்கிவிடாதா? இங்கே இரவில் குளிர் அதிகம் என்பதால், எல்லாம் ஒன்றாகக் கிடப்பதே நல்லது என்று நினைத்துத்தான் விட்டுவைத்தேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் 20-ஆம் தேதி கைக்குக் கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது தாயையும் எஞ்சியிருந்த நான்கு குட்டிகளையும் கூட்டில் கிடந்த காகிதத் துணுக்குகளோடு அப்படியே அள்ளி வேறொரு தொட்டிக்கு மாற்றும்படியும், ஆண் எலியை அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடும்படியும் சொன்னேன். இன்று 22-ஆம் தேதி. நான்கில் ஒன்று போய்விட்டதென்றும், மற்ற மூன்றின் வயிற்றிலும், பால் குடித்ததற்கு அடையாளமாக நான் சொன்ன வெள்ளைப் பட்டை தெரிகிறதென்றும் காலையில் தெரிவித்தீர்கள். அந்த மூன்றும் தேறிவிடும் என்றே நம்புகிறேன். அவசரத்தில் சொன்னவற்றுக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் உங்கள் கூண்டில் அடுத்த சிக்கல் இன்னும் சில நாள்களில் வரவிருக்கிறது.

பெண் எலிகளைச் சேர்த்து வைப்பதா, பிரிப்பதா என்பது அவற்றின் குணத்தைப் பொறுத்ததன்று. இரண்டு ஈற்றுக்கும் இடையே எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. உடன்பிறந்த இரண்டு பெண் எலிகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஈன்றால், அவற்றைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் தம் குட்டிகளை ஒரே கூட்டில் குவித்து, மாறி மாறிப் பால் கொடுக்கும். ஒன்று தீனிக்குப் போனால் மற்றொன்று மேலே படுத்துக் கதகதப்பாக வைத்திருக்கும். இந்த இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டும்போது அதே கூட்டுறவு பிந்திப் பிறந்த குட்டிகளுக்கு எமனாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் இடைவெளி 11 நாள்.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் சமவெளி உழவர்கள் 'வெள்ளெலி' என்று சொல்வது வயல் வரப்பில் வளை தோண்டி வாழும் வேறோர் இனத்தை. செல்லப்பிராணிக் கடைக்காரர்களில் சிலரோ ஹாம்ஸ்டர் என்ற குட்டை வால் பிராணியையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். ஹாம்ஸ்டரில் பெரிய வகை வளர்ந்தபின் தனியாகவே வாழும். இரண்டு பெண்களை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடக்கூடும். முயலிலும் ஈனும் தாய்க்குத் தனிப் பெட்டி என்பது இந்த மலையில் முயல் வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உங்களிடம் இருப்பவை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் எலியின் வழியில் வந்த வெள்ளை எலிகள். கூட்டமாக வாழ்வதுதான் அவற்றின் இயல்பு. ஆகவே ஹாம்ஸ்டருக்கோ முயலுக்கோ சொல்லப்பட்ட ஆலோசனையை யாராவது உங்களிடம் அப்படியே ஒப்பித்தால், அதை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி, அந்த ஐந்து குட்டிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று பார்ப்போம். பிறந்த எலிக்குட்டி 5 முதல் 6 கிராம் இருக்கும்; ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை. மயிர் இருக்காது, கண்ணும் காதும் மூடியிருக்கும், தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. 11 நாள் வயதான குட்டியோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடை கொண்டது. மேலெல்லாம் மென்மயிர் முளைத்து, கண் திறக்காவிட்டாலும் வாசனையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தாய் படுத்திருக்கிறதோ அங்கே ஊர்ந்து போய்விடும். பெண் எலிக்கு ஆறு இணையாக 12 காம்புகள். இரண்டு தாய்க்கும் சேர்த்து 24 காம்புகள் இருக்கும்போது 19 குட்டிகளுக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். எலியின் பால் குழாய்த் தண்ணீர் போல ஓடிக்கொண்டே இருப்பதில்லை என்பதுதான் குறை. தாய் அசையாமல் படுத்து, பெரும்பாலும் உறங்கும் நிலையில் இருக்கும்போது, பல நிமிடங்களுக்கு ஒருமுறை, சில நொடிகள் மட்டுமே பால் இறங்கும். அந்த நொடியில் எந்தக் குட்டியின் வாயில் காம்பு இருக்கிறதோ அதற்குத்தான் பால். பெரிய குட்டிகள் இழுத்துச் சப்பிக்கொண்டு ஒரு காம்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும் இடத்தில், சிறு குட்டி ஒருமுறை தவறவிட்டால், அடுத்த முறைக்குள் இன்னும் ஓரமாகத் தள்ளப்பட்டுவிடுகிறது. தாயும் தன் குட்டி, அக்காவின் குட்டி என்று பால் கொடுப்பதில் வேற்றுமை காட்டுவதில்லை. நாம் நற்குணம் என்று பாராட்டும் அந்தப் பொதுநோக்கம்தான் இங்கே சிறுசுகளைப் பட்டினி போடுகிறது.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாலும், கண்ணால் பார்த்தது ஒரு தவறு செய்த பிறகுதான். மாணவனாக இருந்தபோது, விடுமுறை நாள்களில் எலிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. கூண்டுத் தட்டுப்பாடு, ஒன்பது நாள் வித்தியாசத்தில் ஈன்ற இரண்டு தாய்களை, "சாதுதானே" என்று ஒன்றாக விட்டேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது சண்டை நடந்ததற்கான அடையாளமே இல்லை. இரண்டு தாய்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன. பெரிய குட்டிகள் கொழுகொழுவென்று காம்போடு ஒட்டிக் கிடந்தன. சிறுசுகள் மட்டும் கூட்டுக்கு வெளியே, மரத்தூளில் ஆளுக்கொரு மூலையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஆறிப்போன மெழுகைத் தொட்டதுபோல் இருந்தது. இரத்தம் இல்லை, கடி இல்லை. வயிற்றைத் திருப்பிப் பார்த்த மேற்பார்வையாளர், "பால் பட்டை எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பால் குடித்த குட்டியின் இடப்பக்க விலாவுக்குக் கீழே, ஒளி ஊடுருவும் அந்தத் தோலின் வழியாக, இரைப்பையில் நிரம்பிய பால் வெண்பட்டையாகத் தெரியும். என் கையில் இருந்ததில் அது இல்லை. உங்களிடம் தொலைபேசியில் முதலில் நான் அதைத்தான் பார்க்கச் சொன்னேன். மயிர் அடர்ந்து தோல் தடிக்கும் வரை, ஏறக்குறைய முதல் ஒரு வாரத்துக்கு, இதைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை.

ஆகவே உங்கள் மாமியாரின் குற்றச்சாட்டுக்கு என் பதில் இதுதான்: தின்றிருக்கலாம், ஆனால் கொன்றிருக்க வேண்டும் என்பதில்லை. இறந்த குட்டியையும், தேறாது என்று தோன்றும் குட்டியையும் தாய் எலி தின்றுவிடும். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. எனவே காலையில் எண்ணிக்கை குறைந்தால், அது பசியாலோ குளிராலோ இறந்த பின் தின்னப்பட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம். உயிரோடு இருக்கும் குட்டிகளின் தலையிலோ வயிற்றிலோ புதிய கடிக்காயம் இருந்தால்தான் கொலை என்று சந்தேகிப்பேன்; அப்படி ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பொறாமை என்பதை எலியின் மீது ஏற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்கள் கூண்டில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களை நான் அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டேன். சினையும் இல்லாமல் பாலும் கொடுக்காமல் இருக்கும் பெண் எலிக்குப் பச்சைக் குட்டி என்பது அந்நியமான பொருள். பெரும்பாலானவை முதலில் விலகிப் போகும்; சில கடிக்கும். தொடர்ந்து ஒரு வாரம் குட்டிகளின் அருகிலேயே இருந்தால் அவற்றில் பல தாய்போலவே நக்கவும், தூக்கிக் கூட்டில் சேர்க்கவும், மேலே படுக்கவும் தொடங்கிவிடுகின்றன. கேட்க அழகாக இருக்கும் இந்தச் சித்தி உறவில் ஓர் ஆபத்து உண்டு: சித்தி தனக்கென ஒரு மூலையில் கூடு கட்டி, குட்டிகளைத் தூக்கிப்போய் அங்கே வைத்துக்கொள்ளும், அதன் மடியில் பால் இருக்காது. தாய் மீட்டு வரும், சித்தி திரும்பத் தூக்கும். இந்த இழுபறியில் தோல் கிழிந்த குட்டிகளை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே ஈன்ற தாயோடு சினையில்லாத பெண்ணை வைக்கவே வேண்டாம்.

நடைமுறையில் நான் பின்பற்றும் கணக்கைச் சொல்கிறேன். ஈற்று இடைவெளி மூன்று நாளுக்குள் இருந்து, இரண்டும் சிறுவயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவையாகவும், கூண்டு விசாலமாகவும் இருந்தால், சேர்த்தே வைக்கலாம். நான்கிலிருந்து ஏழு நாள் வரை என்றால் தினமும் பால் பட்டையைப் பார்க்கக் கூடியவர்கள் மட்டும் துணியலாம். வேலைக்குப் போகிற வீட்டில் வேண்டாம் என்பேன். ஏழு நாளைத் தாண்டினால் தனிக் கூண்டுதான். இடைவெளி இரண்டு மூன்று வாரமாக இருக்கும்போதுதான் பிந்திய ஈற்றுக்குச் சேதம் மிகுதி என்று, எலிகளின் கூட்டுப் பாலூட்டலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் மூத்த குட்டிகள் கண் திறந்து ஓடியாடினாலும் பாலை இன்னும் விட்டிருக்காது.

பிரிப்பது என்று முடிவு செய்தால் அதை ஈன்ற பிறகு செய்யாமல், ஈனும் முன் செய்ய வேண்டும். வெள்ளை எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். இணைந்த தேதி தெரிந்தால் 18-ஆம் நாளில் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் வயிறு பக்கவாட்டில் பேரிக்காய்போல் பிதுங்கத் தொடங்கியதும் மாற்றுங்கள். புது இடத்தில் கூடு கட்டி அதன் வாசனை பழகுவதற்கு மூன்று நான்கு நாள் அதற்குத் தேவை. ஈன்ற அன்றோ மறுநாளோ இடம் மாற்றினால் தாய் கலவரப்பட்டுக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலையும். சில நேரம் தின்றும்விடும். உங்கள் இரண்டாவது தாயை ஆறாம் நாளில் மாற்றச் சொன்னது, பட்டினியா இடமாற்றமா என்று பார்த்தபோது பட்டினிதான் பெரிய தீமை என்று தோன்றியதால். அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஏங்குமா என்று கேட்டீர்கள். சினை முதிர்ந்த எலி தானாகவே ஒதுங்க இடம் தேடும். ஈன்ற முதல் பத்து நாளுக்கு அதற்குத் தனிமை ஒரு தண்டனையன்று. தனிக் கூண்டை அதே அறையில், பழைய கூண்டுக்கு ஒட்டினாற்போல் வைத்தால், உடன்பிறந்தவற்றின் வாசனையும் ஒலியும் கிடைத்துக்கொண்டே இருக்கும். குட்டிகள் பால் மறந்து பிரிந்த பின், இரண்டு தாய்களையும் எந்தக் கூண்டிலும் சேராத பொது இடத்தில், உதாரணமாகக் காலியான குளியல் தொட்டியில், அரை மணி நேரம் ஒன்றாக விட்டுப் பாருங்கள். மயிர் சிலிர்த்து உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தள்ளினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். முகர்ந்துவிட்டு நக்கத் தொடங்கினால், கழுவித் துடைத்த கூண்டில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.

இப்போது ஆண் எலிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையோடு கடந்துபோன அந்த எலிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பெண் எலி ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மீண்டும் பருவத்துக்கு வரும். ஆண் அதே கூண்டில் இருந்தால், குட்டிகள் முதல் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். உங்கள் முதல் எலி 3-ஆம் தேதி இரவிலோ 4-ஆம் தேதியோ மீண்டும் இணைந்திருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 25 அல்லது 26-ஆம் தேதியில் அது திரும்ப ஈனலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் எலியின் கருப்பையில் கரு பதிவது தள்ளிப்போகும். குட்டிகள் எத்தனைக்கு எத்தனை அதிகமோ அத்தனைக்கு அத்தனை தள்ளும். அதனால் டிசம்பர் முதல் வாரம் வரைகூட ஆகலாம். எதுவானாலும், அதன் புதுக் குட்டிகள் பிறக்கும்போது பழைய பத்துக் குட்டிகளும் அதே கூட்டில் மூன்று வார வயதோடு நிற்கும். அக்கா தங்கைக் குட்டிகளுக்கு இடையே நடந்த அதே கதை, இம்முறை ஒரே தாயின் இரண்டு ஈற்றுக்கு இடையே நடக்கும். மூன்று வாரத்தில் பால் மறக்கடிப்பது என்பதைப் பலர் குட்டியின் நலன் கருதிய ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். உங்கள் கூண்டில் அது இன்னும் பிறக்காத குட்டிகளைக் காப்பதற்கான ஏற்பாடு.

கூண்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கூட விதிகள் ஒரு தாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் 800 சதுர சென்டிமீட்டரைக் குறைந்த அளவாக வைத்திருக்கின்றன. வீட்டில் அதைப்போல் மூன்று மடங்கு கொடுப்பது ஒன்றும் கடினமன்று. ஈனும் எலிக்கு மாடி வைத்த கம்பிக் கூண்டு ஆகாது. மேல்தட்டில் ஈன்றால் குட்டி உருண்டு விழும், கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் வெளியே நழுவும். பக்கம் மூடிய, மேலே வலை போட்ட பிளாஸ்டிக் தொட்டியே போதும். உள்ளே, ஒரு பக்கம் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதுவே கூடு. படுக்கைக்கு அச்சிடாத காகிதத்தைக் கீற்றாகக் கிழித்துப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த வைக்கோலையும் சிறிது சேர்க்கலாம். பஞ்சும் நூலும் குட்டியின் காலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நம் ஊர் மர அறுவை ஆலைகளில் சாக்குக் கணக்கில் கிடைக்கும் தைல மரம், சைப்ரஸ், பைன் ஆகியவற்றின் தூளும் வேண்டாம். நமக்கு மணமாக இருக்கும் அந்த எண்ணெய்ப் பசை எலியின் மூச்சுக்குழாயை அரிக்கும்.

குளிரைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு நீங்கள் கண்ட தீர்வில்தான் தவறு. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் அளவுக்குக் கோத்தகிரியில் குளிராது என்றாலும், இரவில் வெப்பம் 10 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும். பால்குட்டிகள் இருக்கும் அறைக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். இதில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் உங்கள் பக்கத்துக்குத்தான் அதிகம். கூண்டைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மர ஸ்டூலில் வைத்து, மூன்று பக்கம் பழைய கம்பளியால் சுற்றி, நான்காவது பக்கத்தையும் மேற்பகுதியையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொட்டிக்கு வெளியே, பல்லுக்கு எட்டாத தூரத்தில், ஒரு மூலைக்கு மட்டும் சூடு படும்படி தொங்கவிடலாம். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றித் தொட்டியின் பாதி அடிக்குக் கொடுங்கள். பாதிதான், முழுவதையும் சூடாக்கிவிடாதீர்கள். குட்டிகளின்மேல் படுத்திருக்கும் தாய்க்குத் தன் உடல் சூடு ஏறினால், அது எழுந்து போய்விடும். கூடு அளவுக்கு மீறிச் சூடானால் பால் கொடுக்கும் நேரம் குறையும்.

குளிருக்குப் பயந்து சன்னலை எல்லாம் அடைத்து, மூடியையும் மூடிவிடுவதை இந்த மலையில் அடிக்கடி பார்க்கிறேன். சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அமோனியா, எலிகளின் நுரையீரலில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு வழிவிடும். தும்மல், மூச்சில் கிறுகிறு என்ற ஒலி, கண்ணோரத்தில் சிவந்த பீளை ஆகியவை அதன் அறிகுறிகள். அந்தச் சிவப்பு இரத்தமன்று, கண்ணின் பின்புறச் சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். தாயிடம் இவற்றைக் கண்டால் மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாலூட்டும் எலிக்கு மருந்து தேர்ந்தெடுப்பது தனிக் கணக்கு. ஈன்ற முதல் ஐந்தாறு நாள் கூட்டை முழுவதும் சுத்தம் செய்ய வேண்டாம். தாய் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் மாற்றினால் போதும். குட்டிகளைத் தொட வேண்டியிருந்தால், தாய்க்கு ஒரு துண்டு அவித்த முட்டையைக் காட்டி வெளியே அழைத்துவிட்டு, சோப்பு மணமில்லாத கையில் கூட்டுக் காகிதத்தைத் தேய்த்துக்கொண்டு தொடுங்கள். இன்னொன்று: சமையலறைக்கு வரும் காட்டு எலி இந்தக் கூண்டின் தீனியில் வாய் வைக்க விடாதீர்கள், மழைக்காலத்தில் எலிக் காய்ச்சல் அவற்றின் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது.

தீனி விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம். பாலூட்டும் எலி வழக்கமாகத் தின்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தின்னும், அதே அளவுக்குத் தண்ணீரும் குடிக்கும். அளந்து வைக்காமல் எப்போதும் இருக்கும்படி வையுங்கள். நீங்கள் அரிசிச் சோறு மட்டும் வைப்பதாக எழுதியிருப்பதைப் படித்தபோது குன்னூரின் பழைய கதை நினைவுக்கு வந்தது. உங்கள் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், 1918-இல், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், பின்னர் இந்தியாவின் வெவ்வேறு வட்டார மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியைப் பெரிதும் நம்பிய உணவு கிடைத்தவை தேய்ந்தன. 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அந்த ஒற்றை அறையின் தொடர்ச்சிதான். சோற்றோடு கேழ்வரகு, முளைகட்டிய பயறு, அவித்த முட்டை, கொஞ்சம் கேரட் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். கடையில் கிடைக்கும் எலித்தீனி வில்லை கிடைத்தால் இன்னும் நல்லது.

குட்டிகளை இத்தனை பெருக்க வேண்டுமா என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நான்கு பெண்களும் பத்துப் பத்தாக ஈன்றால் 40; அவற்றில் பாதி பெண் என்றால், அந்த 20-ம் ஐந்தாறு வாரத்தில் சினைக்குத் தயார். மிஞ்சியவற்றைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று உங்கள் மகன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கூண்டில் பிறந்த வெள்ளை உடம்பு பருந்துக்கும் பூனைக்கும் கீரிக்கும் ஓரிரவுகூடத் தாங்காது. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். தொடர்ந்து விற்கும் எண்ணம் வந்தால், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு மாத ஓய்வாவது வேண்டும் என்பது என் கருத்து. ஆணைத் தனியே வைத்திருந்தால் அது தானாகவே நடந்துவிடும்.

இனி உங்கள் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை. நாளை மறுநாள் 24-ஆம் தேதி, முதல் தாயின் குட்டிகளுக்கு 21 நாள் நிறைகிறது. அன்று பகலிலேயே பத்தையும் வேறு தொட்டிக்கு மாற்றி, தாயை அதே கூட்டில் தனியாக விட்டுவிடுங்கள். 40 கிராமுக்குக் குறைவாக நிற்கும் குட்டி ஏதாவது இருந்தால், அதற்கு ஊறவைத்த தீனியை ஒரு வாரம் தனியாகக் கொடுத்தால் போதும், பாலுக்காகத் திரும்ப உள்ளே விட வேண்டாம். டிசம்பர் 4-ஆம் தேதிக்குள் அந்தப் பத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். வாலடியைத் தூக்கிப் பார்த்தால், சிறுநீர்த் துளைக்கும் மலத்துளைக்கும் இடையே உள்ள தூரம் ஆணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும். ஆண் குட்டிகளைத் தகப்பனோடு விடலாம். இரண்டாவது தாயும் 14-ஆம் தேதி மறுபடி இணைந்திருக்கக் கூடும். அதன் மூன்று குட்டிகளையும் டிசம்பர் 5-ஆம் தேதி எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டு பெண்களும் ஆணை எடுத்த 20-ஆம் தேதி வரை அதனோடு இருந்தவை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவம் வரும் எலிகள் இத்தனை நாள் வெறுமனே இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சமையலறைத் தராசில் இன்றே இரண்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி போடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறினால் ஒரே தொட்டியில் ஈனட்டும். ஒன்று மட்டும் ஏறினால் அதைத் தனியே எடுங்கள். டிசம்பர் 13-ஆம் தேதி வரை இரண்டும் ஈனாவிட்டால், என்னை அழைத்துச் சொல்லுங்கள்.